நாலாம் நம்பர் வீட்டுச் சாவி

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்குச் சற்று முன்னால் வரும் கொன்றைக்குப்பத்தில், மூன்றாம் குறுக்குத் தெருவில், ஞானகுமாரி என்ற ஐம்பத்தேழு வயதுப் பெண் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசல் விளக்கைப் போடப் போனார்.

ஜாபஸ் இப்படித்தான் ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அவர் இதைச் சொன்னது 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு. இடம் ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளானூர். ஏழு மணிக்கு எங்கோ டிரான்ஸ்ஃபார்மர் ‘டப்’பென்று போன பிறகு தெருவில் கரண்ட் இல்லை. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் காலி மனைகளில் தவளைச் சத்தம். தூரத்தில் அவுட்டர் ரிங் ரோட்டில் லாரிகள். லோகநாயகி அம்மாவின் ஹாலில், சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்த ஒரு எமர்ஜென்சி விளக்கைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம்.

லோகநாயகியின் கணவர் கலியமூர்த்தி ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபாக்டரி ஒன்றில் ஃபிட்டர். ஓய்வு பெற்று, இந்த வீட்டைக் கட்டி, கிரகப்பிரவேசம் முடிந்த எட்டாவது மாதம் இறந்துபோனார். அதிலிருந்து அந்த அம்மா கீழே தனியாக இருக்கிறார். மாடியில் வாடகைக்கு நான். அன்று கொரட்டூரிலிருந்து அவருடைய மகள் ஷர்மிளாவும் மருமகன் ஸ்ரீகாந்தும் வந்திருந்தார்கள். ஷர்மிளாவுக்கு ஐந்தாம் மாதம். ஜாபஸ் அவளோடு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். இரண்டு தெரு தள்ளி வீடு. இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் குடையோடு வந்தவர்.

பேச்சு வீட்டைப் பற்றித்தான் தொடங்கியது. ஸ்ரீகாந்துக்கு ஆபீஸ் இனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே. கடலோரத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அட்வான்ஸ்.

“வருஷம் பூரா கடல் காத்து, மச்சான். இங்க மாரி தவளைக் கச்சேரி கெடையாது” என்றார் ஜாபஸிடம்.

“மழைக்கு அங்க இருந்து பாத்துகீறியா நீ?”

“இனிமேதான் இருக்கப் போறோம்.”

“எந்த ஊரு?”

“கொன்றைக்குப்பம்.”

ஜாபஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்தத் தெரு?” என்றார்.

“மூணாவது குறுக்கு. அஞ்சாம் நம்பர். ஏன், நீ வாங்கப் போறியா?”

“மூணாம் நம்பர்ல ஒரு பெரியவர் வாசல்ல சேர் போட்டு உக்காந்துனு இருந்தாரா?”

“ஆமா. நாங்க போனதுலேர்ந்து எங்களையே பாத்துகினு இருந்தாரு. ஒரு வார்த்தை பேசல.”

“அவரு எங்க சித்தப்பா” என்றார் ஜாபஸ்.

*

அருள்தாஸ். அவரும் ஆவடி ஃபாக்டரிக்காரர்தான். ஆனால் வேறு ஃபாக்டரி, வேறு குவார்ட்டர்ஸ். அதனால் லோகநாயகியோ ஷர்மிளாவோ அவர்களைப் பார்த்ததில்லை. முப்பத்தோரு வருடம் உலைக்கூடத்தில் வேலை. இரும்பு வேகும் சூட்டில் நின்றவர். ரிடையர் ஆனால் காற்று வரும் இடத்தில்தான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னபடியே செய்தார். 2022 பிப்ரவரியில் மூன்றாம் நம்பர் வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். மனைவி ஞானகுமாரி. ஒரே மகள் ஃபெபி, அம்பத்தூரில் மாமியார் வீட்டில்.

அந்தத் தெருவில் மொத்தம் ஒன்பது வீடு. கடைசி வீட்டைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் கடல். வீடுகள் எல்லாம் சென்னைக்காரர்களுடையவை. சனி, ஞாயிறு வருவார்கள். மே மாதம் வருவார்கள். ஆகஸ்டோடு வரத்து குறைந்துவிடும். அக்டோபரில் முதல் மழை விழுந்ததும்... எட்டு வீட்டில் பூட்டு.

மீன் கொண்டுவரும் தாட்சாயிணி கூடையை இறக்கும்போது ஒருநாள் கேட்டாளாம்.

“இன்னாம்மா, மழைக்கும் இங்கியேவா இருக்கப் போறீங்க?”

“ஆமா. எங்களுக்கு இதான் வீடு.”

“சரிதான்” என்றாள். அன்றைக்கு மீனுக்கு விலை பேசாமல், கொடுத்த காசை வாங்கிக்கொண்டு போனாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி. புதன்கிழமை. பொழுது இறங்கும் நேரம். அருள்தாஸ் பின்பக்கம் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ கேட்டைத் தட்டினார்கள். தாழ்ப்பாளை அல்ல... கம்பியை. மோதிரம் போட்ட விரலால் தட்டுகிற மாதிரி, மூன்று தடவை.

ஞானகுமாரி போய்ப் பார்த்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நல்ல புடவை. தலைமுடி ஈரம். கையில் ஒரு துணிப்பை. அன்றைக்கு மழை இல்லை.

“நாலாம் நம்பர்ங்க. ஊருக்குக் கிளம்பறோம். சாயங்காலம் வாசல் லைட் மட்டும் போட்டுடறீங்களா?”

சாவியை நீட்டினாள். பித்தளைச் சாவி. வளையத்தில் பச்சை ரிப்பன் துண்டு ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது.

ஞானகுமாரி வாங்கிக்கொண்டார்.

“வாங்காம எப்படி?” என்றார் லோகநாயகி, இந்த இடத்தில்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. குவார்ட்டர்ஸில் யாராவது ஊருக்குப் போனால் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கும். மாலையில் அவர்கள் வாசல் விளக்கைப் போட வேண்டும், காலையில் அணைக்க வேண்டும். பாதிப் பேர் திருநெல்வேலி, பாதிப் பேர் வேலூர், தஞ்சாவூர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஒரு பிளாக்கே காலியாகும். நீட்டிய சாவியை வேண்டாம் என்று சொன்ன வீடு கிடையாது.

“ஒரு மே மாசம் எங்க கிச்சன் ஆணில ஆறு வீட்டுச் சாவி தொங்குச்சு” என்றார் லோகநாயகி. “இவங்க அப்பா கேப்பாரு, நீ என்ன ஜெயிலரான்னு.”

“எங்க சித்தி பக்கத்து வீட்டுத் துளசிக்குத் தண்ணி ஊத்துவாங்க ஆன்ட்டி” என்றார் ஜாபஸ். “ஸ்தோத்திரம் சொல்லிகினே ஊத்துவாங்க.”

எல்லோரும் சிரித்தோம். ஷர்மிளா சிரிக்கவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

அந்த வழக்கத்தில் இரண்டு விதிகள் உண்டு என்று லோகநாயகிதான் எனக்கு விளக்கினார். ஒன்று, சாவி கைக்குக் கைதான் மாற வேண்டும். எப்போதோ ஒருவர் மீட்டர் பெட்டியின் மேல் சாவியை வைத்துவிட்டுப் போய், அந்த வீடு திருட்டுப் போயிருக்கிறது. அதிலிருந்து அப்படி. இரண்டு, சாவி வாங்கியவர், கொடுத்தவர் திரும்பி வரும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

“அதேதான்” என்றார் ஜாபஸ். “அதுலதான் சித்தி மாட்டினாங்க.”

*

மோட்டாரை முடித்துவிட்டு வந்த அருள்தாஸ் கேட்டார். “நாலாம் நம்பரா? எப்ப வந்தாங்க? எதுல போனாங்க? கார் சத்தமே கேக்கலையே.”

ஞானகுமாரி யோசித்தார். அவருக்கும் கேட்கவில்லை.

முதல் நாள் விளக்குப் போடப் போனபோது பூட்டு லேசாகத் திறந்தது. உள்ளே அந்துருண்டை வாசனை. நாற்காலிகள் மேல் வெள்ளைத் துணி. தரையில் தூசி. வாசல் விளக்குக்கான சுவிட்ச் வாசலில் இல்லை; ஹாலைத் தாண்டி, உள் அறைக் கதவோரத்தில் இருந்தது. பழைய கறுப்புச் சுவிட்ச். அழுத்தினால் ‘டொக்’கென்று சத்தம். போட்டுவிட்டு வந்துவிட்டார். இரண்டு நிமிடம்.

இரண்டு நிமிடம் என்பதை ஏன் சொல்கிறேன் என்றால்... ஞானகுமாரி கட்டியிருந்தது ஆண்கள் வாட்ச். இருபத்தைந்து வருட சர்வீஸுக்கு ஃபாக்டரியில் அருள்தாஸுக்குக் கொடுத்தது. பெரிய டயல். அவர் கட்டாமல் பெட்டியில் வைத்திருந்ததை இவர் எடுத்துக் கட்டிக்கொண்டார். ஸ்ட்ராப்பின் வளையம் அறுந்துபோனதால் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு போட்டு, டயல் உள்ளங்கைப் பக்கம் வரும்படி கட்டியிருப்பார். ஆறு பத்துக்குப் போவார். திரும்பி வந்து வாட்சைப் பார்ப்பார். ஆறு பன்னிரண்டு.

ஒரு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் ஆறே கால். பிறகு ஆறு இருபத்தைந்து. நவம்பர் கடைசியில் ஆறு ஐம்பது.

“எங்க போன இவ்ளோ நேரம்?”

“இப்பதானே போனேன். ரெண்டு நிமிஷம்” என்று மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார். ஆறு பன்னிரண்டு.

அருள்தாஸ் சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டவர். நேரம் தவறினால் அவருக்குத் தெரியும். தினமும் ராத்திரி அந்த வாட்சைச் சரிசெய்து வைத்தார். மறுநாள் மாலை மறுபடி பின்தங்கும்.

அதற்கப்புறம் சத்தம். ராத்திரி பதினொரு மணி வாக்கில், நாலாம் நம்பர் சமையலறைப் பக்கத்திலிருந்து... யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். ஸ்டீல் டம்ளரை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்க்கிற சத்தம். அந்த வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் கிடையாது. அருள்தாஸே ஏறிப் பார்த்திருந்தார்.

“யாரோ உள்ள இருக்காங்க” என்றார் ஞானகுமாரி. பயந்து சொல்லவில்லை. ஒரு தீர்வு கிடைத்தது போலச் சொன்னார்.

காரணம், ஃபெபி. அவளுக்கு டிசம்பர் பன்னிரண்டாம் தேதி நாள் குறித்திருந்தார்கள். முதல் பிரசவம். மாமியாருக்கு முடியாது. அம்மா ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுவதாகப் பேச்சு. ஐந்தாம் தேதி ஆயிற்று, ஆறாம் தேதி ஆயிற்று. தினமும் ஃபோன்.

“எப்பம்மா வர்ற?”

“சாவி வாங்கிட்டேன்டி. அவங்க வரலையே.”

“யாரோ வீட்டுச் சாவி உனக்கு என்னைவிட முக்கியமா?”

ஞானகுமாரி அழுதாராம். ஆனால் கிளம்பவில்லை.

அருள்தாஸ் சாவியை வேறு யார் கையிலாவது கொடுத்துவிடலாம் என்று பார்த்தார். எட்டாம் தேதி காலை தாட்சாயிணி வந்தாள். நடந்ததைச் சொல்லி, சாவியை நீட்டினார்.

அவள் கூடையை அப்படியே கீழே விட்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கைய நீட்டாத அண்ணாத்தே.”

“ஏன்மா?”

“நாலாம் நம்பர்ல யாரு கீறா? ரெண்டு வருசமா ஆளு இல்ல அந்த ஊட்ல. கொரோனா மழையில அந்தம்மா ஒண்டியாத்தான் இருந்துச்சு. ஏழாம் நம்பர்காரங்க சாவி குடுத்துட்டுப் போனாங்க, வெளக்கு ஏத்தணும்னு சொல்லிகினே இருந்துச்சு. ஏழாம் நம்பரு அதுக்கு முன்னாலயே காலி.”

“அந்தம்மா எங்க போனாங்க?”

“எங்கியும் போவல” என்றாள் தாட்சாயிணி. “பூட்டு வெளிய போட்டிருந்துச்சு. அவ்ளோதான்.”

கூடையைக் கூட எடுக்காமல் போய்விட்டாள். மீன் வாசலிலேயே கிடந்தது. நாய்கள் வந்து மோந்துவிட்டு... தொடாமல் போயின.

*

மறுநாள் புயல். காலையிலிருந்தே ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். கடல் தோப்புக்குள் வந்துவிட்டது. ஃபெபிக்கு வலி எடுத்துவிட்டதாக மூன்றரைக்கு மருமகன் ஃபோன் செய்தார். அதோடு டவரும் போயிற்று.

அருள்தாஸ் ஊர் எல்லையில் ஒரு காருக்குச் சொல்லி வைத்திருந்தார். டிரைவர் ஏழு மணிக்கு மேல் நிற்க மாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

“சாவியை அந்தக் கேட்லயே மாட்டிட்டு வா. போவோம்.”

“கேட்ல மாட்டக் கூடாது. உள்ளதான் யாரோ இருக்காங்களே. கையில குடுத்துட்டு வந்துடறேன். ரெண்டு நிமிஷம்.”

டார்ச்சை எடுத்துக்கொண்டார். ஆறு பத்து.

அருள்தாஸ் பையோடு வாசலில் நின்றார். மழை முகத்தில் மணல் மாதிரி அடித்தது. ஐந்து நிமிடம் கழித்து... நாலாம் நம்பர் வாசல் விளக்கு எரிந்தது.

ஊரில் கரண்ட் இல்லை. ஒன்பது வீட்டுத் தெருவில் அந்த ஒரு மஞ்சள் பல்பு. ஆடாமல் எரிந்தது. அந்தக் காற்றில் தென்னை மட்டையெல்லாம் பறந்துகொண்டிருந்தது. வயரில் தொங்கிய பல்பு ஆடவில்லை.

ஆறே முக்கால் வரை நின்றார். பிறகு போனார். கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம். பூட்டிய நிலையில்.

சுத்தியலால் உடைத்தார். உள்ளே அந்துருண்டை வாசனை. வெளியே அத்தனை மழை, உள்ளே தரை காய்ந்திருந்தது. தூசியில் ஞானகுமாரியின் ஈரக் கால்தடம் தெரிந்தது. வாசலிலிருந்து ஹால்... ஹாலிலிருந்து உள் அறைக் கதவு... சுவிட்ச் வரைக்கும். அங்கே இரண்டு காலும் சேர்ந்து நின்ற தடம். அதற்குப் பிறகு இல்லை. திரும்பி வந்த தடமும் இல்லை.

டார்ச் தரையில் எரிந்துகொண்டிருந்தது.

போலீஸ் வந்தது. பதினோரு நாள் தேடினார்கள். கடல் கொண்டுபோயிருக்கும் என்று எழுதினார்கள். உடல் கிடைக்கவில்லை. சாவியும் கிடைக்கவில்லை. ஃபெபிக்குப் பத்தாம் தேதி விடியற்காலை நாலு இருபதுக்குப் பெண் குழந்தை.

*

எமர்ஜென்சி விளக்கு ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தது.

“உங்க சித்தப்பா ஏன் இன்னும் அங்கியே இருக்காரு?” என்றார் ஸ்ரீகாந்த். குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது.

“கூப்பிட்டா வர மாட்டேங்கறாரு. அந்த லைட் தினம் எரியுது, மச்சான். ஈபிக்காரங்க வந்து மீட்டரையே கழட்டினு போயிட்டாங்க. அப்பவும் ஆறு பத்துக்கு எரியுது. காலைல அணையுது. ‘ஞானம்தான் போடறா. சாவி அவகிட்ட இருக்கு. அதை யார் கையிலயாவது குடுத்துட்டா வந்துடுவா. நான் இல்லாத நேரம் வந்தா என்ன பண்ணுவா’ன்னு சொல்லுவாரு. ரெண்டு வருஷமா வாசல்ல சேர் போட்டு உக்காந்துனு கீறாரு.”

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போலச் சொன்னார்.

“முந்தாநாள், ஞாயித்துக்கெழம ராத்திரி, ஃபோன் பண்ணாரு. ‘ஜாபஸ், இன்னிக்கு லைட் எரியல’ன்னாரு. அவ்ளோதான். சந்தோஷமா பேசினாரு. நாளைக்கு அம்பத்தூர் போறேன், பேத்தியைப் பாக்கன்னாரு. அவரு தனி ஆளு... ஆனா அவரு பேசும்போது பின்னால யாரோ பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுச்சு.”

தூறல் வலுத்தது. தவளைகள் எப்போது நின்றன என்று தெரியவில்லை.

“அண்ணா” என்றாள் ஷர்மிளா. அன்றிரவு அவள் பேசிய முதல் வார்த்தை அது. “அந்த வாட்ச்... சிவப்பு ரப்பர் பேண்டுன்னுதானே சொன்னீங்க?”

“ஆமா.”

ஷர்மிளா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே கையை விட்டு எடுத்தாள். உள்ளங்கையில் பித்தளைச் சாவி. பச்சை ரிப்பன். ஹாலில் அந்துருண்டை வாசனை அடித்தது.

“ஞாயித்துக்கெழம வீடு பாக்கப் போனப்ப நீங்க பின்னாடி புரோக்கரோட கெணறு பாத்துட்டு இருந்தீங்க” என்றாள் ஸ்ரீகாந்திடம். “கேட்கிட்ட ஒரு அம்மா வந்தாங்க. கையில ஆம்பளைங்க வாட்ச், சிவப்பு ரப்பர் பேண்டு. ‘நீங்கதான் அஞ்சாம் நம்பருக்கு வரப்போறீங்களா? நான் ஊருக்குப் போகணும், பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்கு’ன்னாங்க. லைட் மட்டும் போடச் சொன்னாங்க. நீட்டினாங்க... வாங்கிட்டேன்.”

“யோசிக்கவே இல்லையா நீ?” என்றார் ஸ்ரீகாந்த்.

“சாவியை நீட்டினா எப்படி வாங்காம இருக்கறது?”

அவள் அழ ஆரம்பித்தாள். “நாளைக்கு அட்வான்ஸ் குடுத்துடலாங்க. ரெண்டு நாளா யாரும் லைட் போடல.”

லோகநாயகி எழுந்தார். மகள் எதிரே வந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

“இப்படிக் குடு.”

“ஆன்ட்டி, வேணாம்” என்று ஜாபஸ் பாதி எழுந்தார். “கைய நீட்டாதீங்க ஆன்ட்டி.”

“நீ சும்மா இருடா. முப்பது வருஷமா சாவி வாங்கி வச்சவ நானு.” ஷர்மிளா கையை மூடிக்கொண்டு பின்னால் இழுத்தாள். லோகநாயகி அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். குழந்தை கையிலிருந்து எதையோ வாங்குவது போல, நிதானமாக. “கைக்குக் கை வாங்கிட்டேன். நீ இனிமே அந்த ஊர்ப் பக்கம் தலை வச்சிப் படுக்கக் கூடாது. பிரசவத்தை மாமியார்கிட்ட வச்சிக்க.”

சாவியைச் சமையலறைக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். இருட்டில் ஆணியைத் தேடவில்லை. பழகிய கை.

பத்தே காலுக்குக் கரண்ட் வந்தது.

*

புதன்கிழமை காலை ஸ்ரீகாந்த் புரோக்கரிடம் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றே ஜாபஸ் அம்பத்தூருக்குப் போனார். அருள்தாஸ் பேத்தியோடு இருந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வைக்கச் சொன்னாராம். இரண்டு தட்டும் காலியானதாக ஃபெபி சொன்னாள்.

நவம்பர் 22, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லோகநாயகி மாடிப்படி ஏறி வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். தலைக்குக் குளித்த ஈரம். கையில் ஒரு துணிப்பை.

“தம்பி, ஒரு ஊருக்குப் போயிட்டு வரேன். ஷர்மிளாகிட்ட நானே சொல்லிக்கிறேன். சாயங்காலம் வாசல் லைட் மட்டும் போட்டுடுங்க.”

கீழ் வீட்டுச் சாவியை நீட்டினார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாங்கிக்கொண்டேன்.

ஷர்மிளாவிடம் அவர் சொல்லவில்லை. ஸ்ரீகாந்தும் ஜாபஸும் இரண்டு முறை கொன்றைக்குப்பம் போய் வந்தார்கள். மரக்காணம் பக்கம் போகும் பஸ்ஸில் அவர் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. நாலாம் நம்பர் வீட்டில் புதுப் பூட்டு இருந்தது. வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. மாலை ஆறு பத்துக்கு வாசல் விளக்கு எரிந்தது. காணவில்லை என்று ஆவடியில் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று 2025 ஜனவரி 4. நாற்பத்து மூன்று நாளாகிறது. தினமும் மாலை கீழ் வீட்டு விளக்கைப் போடுகிறேன், காலையில் அணைக்கிறேன். பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு எடுத்திருந்த டிக்கெட்டை நேற்று ரத்து செய்தேன்.